பந்திக்கு எத்தனை இலை?



கம்ப்யூட்டர் பிரிவில் டிப்ளமோ முடித்து வெளியே போனதும் "ப்ரைமரி கீ என்றால் என்ன?" என்று உங்களை யாரும் கேட்கமாட்டார்கள். "எதை வாங்கணும் தம்பி, சின்னதா, பெரிசா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் பணமாக இருக்கும்.

அந்தக் கேள்வி என்னிடம் வந்தது 2007-ல். ராஜபாளையம் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளர்களின் சிக்கன நாணயச் சங்கம் ஒன்று. உறுப்பினர்கள் 2,300 பேர். சந்தா, கடன், வட்டி எல்லாம் லெட்ஜரிலிருந்து கணிப்பொறிக்கு மாறும் நேரம். புரோகிராம் எங்களுடையது. டேட்டாபேஸுக்கு மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் 2005 என்று முடிவாகிவிட்டது. ஆனால் அதிலேயே பல பதிப்புகள். இலவசமான எக்ஸ்பிரஸ், அடுத்து ஒர்க்குரூப், அதற்கு மேல் ஸ்டாண்டர்டு, உச்சியில் எண்டர்பிரைஸ்.

சர்வர் விற்க வந்தவர், "2,300 மெம்பர்னா ஸ்டாண்டர்டு இல்லாம முடியாது சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். சங்கச் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இது ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் காசு. வீணாவும் போகக்கூடாது, கணக்கும் தொலையக்கூடாது. ரெண்டுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

கல்யாண வீட்டில் அரிசி வாங்க மொத்தத் தலைக்கணக்கு வேண்டும். பரிமாற ஆள் போடுவதற்கோ பந்திக்கு எத்தனை இலை என்பதுதான் கணக்கு. டேட்டாபேஸும் அப்படித்தான். 2,300 பேர் என்பது அரிசிக் கணக்கு. சங்க ஆபீசில் ஒரே சமயத்தில் உட்காருவது 9 பேர். அதுதான் பந்தி.

அரிசியை அளந்தோம். ரசீது, கையெழுத்து ஸ்கேன் எல்லாம் சேர்த்தும் வருஷத்துக்கு 250 எம்.பி. தாண்டாது. எக்ஸ்பிரஸின் எல்லை 4 ஜி.பி.; பத்து வருஷத்துக்கு மேல் தாங்கும். ஒர்க்குரூப்பில் அளவுக்கு எல்லையே இல்லை. 2 பிராசசர், 3 ஜி.பி. மெமரி வரை பயன்படுத்தும். ஸ்டாண்டர்டு 4 பிராசசர் வரை போகும். ஒன்பது இலைக்கு அது எதற்கு?

"அப்போ ஓசியிலயே முடிச்சிரலாமே?" என்றார் செயலாளர்.

"வேணாம் அண்ணாச்சி" என்றேன். குறித்த நேரத்தில் தானாக பேக்கப் எடுக்கிற ஏஜெண்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது. விண்டோஸின் ஷெட்யூலரை வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஒரு நாள் அது நின்றுபோனால் கவனிக்கிற ஆள் அந்த ஆபீசில் இல்லை. ஒர்க்குரூப்பில் ஏஜெண்ட் உண்டு; வேலை தவறினால் தகவல் அனுப்பும். நாளைக்கே சங்கம் பெருத்தாலும் அதிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு ஏறிக்கொள்ளலாம். புரோகிராமை மாற்றி எழுத வேண்டாம்.

ஒர்க்குரூப்பையே வாங்கினோம். மிச்சமான பணத்தில் நல்ல யு.பி.எஸ். ஒன்று, வெளியே எடுத்துப்போகிற ஹார்டு டிஸ்க் இரண்டு. ராத்திரி முழு பேக்கப், பகலில் மணிக்கு ஒரு தடவை லாக் பேக்கப், அதுவும் வேறு கம்ப்யூட்டரில். ஒரு டிஸ்க் தினமும் செயலாளர் வீட்டுக்குப் போகும்.

2009 அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் 4.40-க்கு இடி விழுந்தது. சர்வர் போர்டும் போச்சு, உள்ளே இருந்த டிஸ்கும் போச்சு. மறுநாள் மில்லுக்குச் சம்பளப் பிடித்தப் பட்டியல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த மாதம் பிடித்தம் கிடையாது. கடனுக்குக் காத்திருப்பவனுக்குக் கடனும் கிடையாது. ராத்திரியே ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் இலவச எக்ஸ்பிரஸை ஏற்றி, அதன்மேல் பேக்கப்பைக் கொட்டினோம். உள்ளே ஓடுகிற இன்ஜின் ஒன்றுதான். கணக்கும் 4 ஜி.பி.-க்குள்தான் இருந்தது. அதனால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. 4 மணி வரை எல்லாம் இருந்தது. பாக்கி 40 நிமிஷத்தில் போட்டது 11 ரசீது. கார்பன் நகலைப் பார்த்து அடித்தார்கள். பகல் 12 மணிக்குப் பட்டியல் மில்லுக்குப் போய்விட்டது.

இதனால் ஸ்டாண்டர்டு வீண் என்று சொல்லவில்லை. சங்கம் ஒரு ராத்திரி தாங்கும். ரத்த வங்கி தாங்குமா? ஒரு சர்வர் விழுந்ததும் இன்னொன்று எடுத்துக்கொள்கிற மிர்ரரிங், கிளஸ்டர் வசதிகளுக்கு 2005-ல் ஸ்டாண்டர்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அந்தச் செலவு செலவே இல்லை.

ஆகவே நண்பர்களே, விலைப்பட்டியலைத் திறக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை பேர்? ஐந்து வருஷத்தில் எவ்வளவு டேட்டா? எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும்? பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்தது யார், எப்போது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

எஸ்.க்யூ.எல். சர்வர் 2012 வந்தபோது ஒர்க்குரூப் என்ற பெயரே எடுபட்டுப் போனது. 2005-க்கான ஆதரவு 2016 ஏப்ரலோடு நின்றது. போஸ்ட்கிரஸ் மாதிரி இலவசமானவற்றில் சின்னது பெரிசு என்ற பிரிவே இல்லை. பெயர்கள் இனியும் மாறும். ஆனால் நீங்கள் போகிற ஒவ்வோர் ஆபீசிலும் யாரோ ஒருவர் ராத்திரி ஷிப்ட் பார்த்த காசு மேஜைமேல் இருக்கும். அதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வெற்றி உங்களுக்கே!