அப்பாவின் வண்டிக்கு ஒரு சாய்தளம்

எங்க அப்பா அபிஷேகப்பாக்கத்திலிருந்து மதகடிப்பட்டுச் சந்தைக்கு மினி லாரியில் மாடு ஏற்றுகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். 1978-ஆம் ஆண்டு விதிப்படி லாரியில் ஆறு மாடு வரை ஏற்றலாம். இவர் இரண்டுக்கு மேல் ஏற்றமாட்டார். அப்படியும் போன தையில் ஒரு சினைப்பசு கால் இடறி விழுந்தது. நல்லவேளை, கன்று தப்பியது.

வண்டித் தளம் இரண்டடி உயரம். ஆறடிப் பலகை சாய்த்தால் சரிவு 19 டிகிரிக்குச் சற்று மேல். நண்பர்களே, நாம் மனப்பாடம் செய்த சைன் தீட்டா இதுதான்! ஆங்கிள் இரும்பில் சட்டம், மேலே பலகை, அடிக்கொரு குறுக்குக் கட்டை, வண்டியில் மாட்ட இரண்டு கொக்கி. தகடு வேண்டாமென்றது அப்பாதான்: "குளம்பு வழுக்கும்டா."

முதல் மாடு முகர்ந்து பார்த்தது. பிறகு தானே ஏறியது.

"இந்தக் கணக்கு எந்தப் புக்குல இருக்கு? எடுத்துக் காட்டு" என்றார் அப்பா.