லிமிடெட்னா எதுக்கு லிமிட்?

வாடிப்பட்டியில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் லிமிடெட் மீல்ஸ் என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். சோறு அளவு, அதுக்கு மேல் கேட்டால் காசு. அதே வார்த்தை ஒரு கம்பெனி பெயருக்குப் பின்னால் வந்துவிட்டால் மட்டும் நம்ம ஆட்களுக்கு மரியாதை பிறந்துவிடுகிறது. "லிமிடெட் கம்பெனிப்பா, காசு எங்கயும் போகாது!"

பி.காம் படிக்கிற எனக்கு இதைக் கேட்டால் திக்கென்று இருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். லிமிடெட் என்பது கம்பெனியின் அளவைச் சொல்வதில்லை. லாபத்துக்கும் வரம்பு இல்லை. வரம்பெல்லாம் பங்குதாரரின் பொறுப்புக்குத்தான். கம்பெனி மூழ்கினால் பங்குக்குப் போட்ட பணம் போகும், வீட்டுப் பத்திரம் தப்பிக்கும். சாதாரண பார்ட்னர்ஷிப்பில் வீடும் போகலாம்.

1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியும் லிமிடெட்தான். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். வெள்ளைக்காரன் கப்பலோடு மோதுகிற தொழில். நஷ்டம் வந்தால் வீடு வரைக்கும் வரும் என்றால் 25 ரூபாய் போட யார் துணிவார்கள், சொல்லுங்க? எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அடித்தது. 1908-ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை (அப்பீலில் குறைந்தது). 1911-ல் கம்பெனியையே கலைத்தார்கள். பங்குதாரருக்கு நஷ்டம் போட்ட பணத்தோடு முடிந்தது. வ.உ.சி. 1912 கடைசியில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை. அவர் நஷ்டத்துக்கு எந்தச் சட்டமும் லிமிட் போடவில்லை.

பங்கு வாங்குகிறவனுக்கு இது குடை. அந்தக் கம்பெனிக்குக் கடனுக்குச் சரக்கு தருகிறவருக்கு? கம்பெனியிடம் சொத்து இல்லாவிட்டால் முதலாளி வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி இந்த வார்த்தையைப் பெயரிலேயே சேர்க்க வேண்டும் (லாப நோக்கமில்லாத சில கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு). என்னைக் கேட்டால் அது பட்டம் இல்லை, எச்சரிக்கை போர்டு.

பேங்க்காரர்கள் விவரம். சின்ன கம்பெனி என்றால் டைரக்டரிடம் பர்சனல் கேரண்டி எழுதி வாங்கிவிட்டுத்தான் பெரும்பாலும் கடன் தருவார்கள். தேங்காய் லோடு அனுப்புகிற எங்க மாமாவிடம், "நீங்களும் கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா அடுத்த ஆள்கிட்ட வாங்கிட்டுப் போயிருவாங்க மாப்ளே" என்றார்.