பரண்மேல் சீறல்

1987, தை மாதம். சம்பா அறுவடை முடிந்து குதிர் நிரம்பியிருந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டில், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பரணிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. நிற்கும், மறுபடி வரும்.

“பூச்சிதான். எலி வாசத்துக்கு வந்திருக்கு” என்றார் அப்பா. ராத்திரியில் பாம்பு என்று சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பூச்சி.

மூன்று இரவு யாரும் பரணுக்குக் கீழே படுக்கவில்லை. நான்காம் நாள், வயலில் எலிக்குக் கிட்டி வைக்கிற பெரியவர் கம்போடு ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் நான். ஏறியவர் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“பூச்சி இல்ல தம்பி, வந்து பாரு.”

உடைந்த ஓட்டு வழியே விழுந்த வெளிச்சத்தில், பழைய அண்டாவுக்குப் பின்னால் நான்கு குஞ்சுகள். படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சிறிசு. கடைக்குட்டி வெறும் வெள்ளைப் பஞ்சு. மூத்ததற்குக் காம்பு மேலே இருக்கப் பிடித்த வெற்றிலை மாதிரி முகம். எங்களைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் ஆட்டி, நான்கும் சேர்ந்து சீறின.

கூகை. ஊரில் சாக்குருவி என்பார்கள். அது அலறினால் அப்பாயி அடுப்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவாள். ஆனால், “எறக்கிக் கொல்லையில விட்டுடலாம்” என்று அப்பா சொன்னபோது மறித்தவளும் அவள்தான். “குஞ்சு பொரிச்ச எடத்தக் கலைக்காதடா. பாவம் சும்மா விடாது.”

பெரியவர் பரணிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுத்த உருண்டையை எடுத்துத் தந்தார். எச்சம் என்று நினைத்தேன். தண்ணீர் விட்டுப் பிரித்தால், எலி மயிருக்குள் மூன்று மண்டையோடுகள்; மஞ்சள் பூத்த முன்பற்கள்கூட அப்படியே. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கிவிடுமாம். அந்த வாரம் முழுக்கத் திண்ணையில் மண்டையோடுகளை வரிசை வைத்து எண்ணுவதுதான் என் வேலை. அம்மா என்னைக் கை கழுவாமல் உள்ளே விடவில்லை.

ஒரு நிலா இரவில் தாயைப் பார்த்தேன். முற்றத்தில் படுத்திருந்த என் தலைக்கு மேல், காலில் எலியோடு, வெள்ளையாகக் கடந்து போனது. வௌவால் பறந்தால்கூடக் காதில் படும். இதற்குத் துளி சத்தம் இல்லை. இறக்கையின் முன்விளிம்பில் சீப்புப் பல் போல இருக்கும் நுண்ணிய இறகிழைகள் காற்றின் ஓசையை அடக்குகின்றன என்று பின்னாளில் படித்தேன். எலியைக் கட்டுப்படுத்த, ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நடச் சொல்கிறார்கள் இப்போது. எங்களுக்கு அது சொல்லாமலே பரணுக்கு வந்திருந்தது.

பங்குனியில் பரண் அடங்கிவிட்டது. அப்பாயி மாறவில்லை; எங்காவது கூகை அலறினால் உப்புச் சட்டிக்குத்தான் கை போனது. ஆவணியில் ஓடு மாற்ற ஆள் வந்தார். கீழே நின்று அப்பாயி சொன்னாள்: “அந்த மூலைய மட்டும் விட்டுடுப்பா.”

“மழைக்கு ஒழுகுமே பெரியம்மா?”

“ஒழுகட்டும். அண்டா இருக்குல்ல.”