மேடு தெரியாத சைக்கிள்காரன்

யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரனுக்கு மேடு தெரியாது. குடாநாடு பாய் விரித்தாற்போலக் கிடக்கும் நிலம். கீரிமலை என்று பெயரளவில் ஒரு மலை உண்டு. அங்கே போனால் கேணியும் கடலும்தான் இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் ஓடுகிறேன் என்று மார்தட்டிக்கொள்ளும் என் போன்றவர்கள் கண்ட ஆகப்பெரிய ஏற்றம் ஏதாவது ஒரு பாலத்தின் முதுகாகத்தான் இருக்கும். ஆகவே, ஜேர்மனியில் வாழும் அக்காவின் மகன், "மாமா, ஞாயிற்றுக்கிழமை மலையிலை சைக்கிள் ஓடப் போவம்" என்று அழைத்தபோது, ஐம்பத்தைந்து வயதில் இந்த விளையாட்டு வேண்டுமா என்றே முதலில் தோன்றியது.

அவன் இருப்பது றைன் நதியின் மேற்குக் கரையிலுள்ள லூட்விக்ஸ்ஹாபன் நகரில். இரசாயன ஆலைகளின் ஊர். ஆற்றைக் கடந்தால் மான்ஹைம். 1817 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி கார்ல் டிறைஸ் என்பவர் இரண்டு சில்லுகள் பூட்டிய மரவண்டியொன்றில் அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்தியபடி புறப்பட்டது அந்த நகரிலிருந்துதான். பெடலும் இல்லை, செயினும் இல்லை. நமது சைக்கிளின் பாட்டன் அது. டிறைஸ் பாடன் அரசின் வனத்துறை அதிகாரி என்பது எனக்குப் புதினமாக இருந்தது. காட்டைப் பார்க்கவேண்டியவர் செய்த வண்டியின் பேரப்பிள்ளைகள் இன்று காட்டுக்குள்ளேயே ஓடித் திரிகின்றன.

வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ரயிலில் அரைமணி நேரம் போனால் நொய்ஸ்டாட். பல்ஸ் எனப்படும் பிரதேசத்தின் நடுவே இருக்கும் ஊர் அது. கிழக்கே றைன் சமவெளி. மேற்கே ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பல்ஸ் காடு. இரண்டுக்கும் இடையில், அலையலையாக மடிந்து கிடக்கும் சிறு குன்றுகளின் மேல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை முந்திரிகைத் தோட்டங்கள். தமிழக வாசகர்கள் திராட்சை என்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். எங்கள் ஊரிலும் அது விளைகிறது. 'இஸ்ரேல் புளூ' என்ற இனத்தைப் பந்தலிட்டு வளர்ப்பார்கள். குலைகள் தலைக்கு மேலே தொங்கும். இங்கே பந்தல் கிடையாது. கம்பி இழுத்து, இடுப்பளவு உயரத்திலிருந்து நிரைநிரையாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நிரைக்குள் நுழைந்து பார்த்தால் அடுத்த குன்றின் உச்சி வரை ஒரே நேர்கோடு. அறுவடைக் காலமாகையால், நிரையைத் தன் இரண்டு கால்களுக்கும் இடையில் விட்டுக்கொண்டு உயரமான இயந்திரமொன்று உலுப்பி உலுப்பிப் பழம் உதிர்த்துக்கொண்டு போனது.

இத்தோட்டங்களுக்கு ஊடாக வடக்குத் தெற்காக 85 கிலோமீற்றர் நீளமுள்ள 'ஜேர்மன் வைன் வீதி' செல்கிறது. உல்லாசப் பயணிகளுக்கான கையேடுகள் இதைப் பழம்பெரும் பாதைபோல வர்ணிக்கக்கூடும். இது 1935 இல் நாசிகளின் ஆட்சியில் திறக்கப்பட்டது. விளைச்சல் மிதமிஞ்சி வைன் தேங்கிக் கிடந்த ஆண்டுகள் அவை. யூத வணிகர்களை அந்தத் தொழிலிலிருந்து துரத்தியதும் அதே கைகள்தான். அழகான வீதிகளின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம்.

எனக்கு வாடகைக்கு எடுத்துத் தந்தது மின்சார மலைச்சைக்கிள். 250 வாற் மோட்டார். நாம் மிதித்தால்தான் அதுவும் மிதிக்கும். மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டினால் ஒதுங்கிக்கொள்ளும். ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வேறொரு சைக்கிள் நினைவுக்கு வந்தது. 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரியும் தடைப்பட்டிருந்தது. இரவுச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். சுழற்றும் கை சோர்ந்தால் லண்டனிலிருந்து வரும் குரலும் சோரும். தமிழோசையை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அன்று மின்சாரத்துக்காக நான் மிதித்தேன். இப்போது எனக்காக மின்சாரம் மிதிக்கிறது.

மருமகனின் வண்டியில் மோட்டார் இல்லை. விலையுயர்ந்த, பருத்த ரயர் வண்டி. ஆனால் கைபிடியில் பழைய பாணியிலான பெரிய மணியொன்று பூட்டியிருந்தான். அந்த வண்டிக்கு அது ஒட்டவேயில்லை. காட்டில் நடப்பவர்களுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும் என்றான்.

தோட்டங்களின் மேல் விளிம்பில், கஷ்கொட்டை மரங்கள் தொடங்கும் இடத்தில், ஹம்பாக் கோட்டை நிற்கிறது. 1832 மே 27 ஆம் திகதி இருபதினாயிரத்துக்கும் அதிகமானோர் நொய்ஸ்டாட்டிலிருந்து ஊர்வலமாக இங்கே ஏறிவந்தார்கள். அப்போது இது இடிந்த கோட்டை. ஒன்றுபட்ட ஜேர்மனி, மக்களாட்சி, கருத்துச் சுதந்திரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஜேர்மனியின் இன்றைய கறுப்பு, சிவப்பு, பொன்நிறக் கொடி அன்று அவர்கள் கையில் இருந்தது. முன்னின்றவர்கள் சீபன்பைபர், விர்த் என்ற இரு பத்திரிகையாளர்கள். இருவருடைய பத்திரிகைகளும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தடைசெய்யப்பட்டிருந்தன. விழாவின் பின் இருவரும் கைதானார்கள். மறு ஆண்டு லண்டாவ் நகரில் ஜூரிகள் அவர்களை விடுவித்தபோதும், அதிகாரிகளை அவமதித்ததாக வேறொரு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. சீபன்பைபர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பியோடி அங்கேயே இறந்தார்.

கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலத்தைக் கண்டவன் நான். 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டதை அறிந்தவன். கொடியின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். மருமகன் ஒன்றும் சொல்லாமல் வெளியே வண்டிகளுக்குக் காவலிருந்தான்.

கோட்டையைத் தாண்டியதும் காடு. கீழே கஷ்கொட்டை, மேலே போகப்போகப் பைன், பீச், ஓக். நிலம் சிவந்த மணற்கல். மழை பெய்தாலும் சேறாகாமல் மணலாக உதிர்வதால் ரயருக்கு நல்ல பிடி கிடைக்கிறது என்றான். மரவேர்கள் பாதையின் குறுக்கே படிக்கட்டுப்போல் கிடந்தன. அகலமான வனப்பாதைகளில் ஓடுவதில் சிக்கல் இல்லை. ஒடுங்கிய ஒற்றையடிப் பாதைகளில்தான் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் இடையே தீராத வழக்கு. என் தீர்ப்பு நடப்பவர்கள் பக்கம். ஆனால் அன்று எதிர்ப்பட்ட முதியவர்கள் மணிச்சத்தம் கேட்டு ஒதுங்கி வணக்கம் சொன்னார்கள். மருமகனும் இறங்கி நின்று வழிவிட்டான்.

இறக்கம்தான் ஏற்றத்தைவிடக் கடினம். "மாமா, பிறேக்கை இறுக்கிப் பிடியாதேங்கோ. முன் சில்லைப் பாராதேங்கோ, போற இடத்தைப் பாருங்கோ" என்று முன்னாலிருந்து கத்திக்கொண்டே போனான். கூட்டல் கழித்தல் கணக்கை நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை அவன்.

கல்மித் 673 மீற்றர். பல்ஸ் காட்டின் மிக உயர்ந்த இடம். உச்சியில் காடுசார் நடைபயணச் சங்கத்தின் விடுதி ஒன்று உண்டு. இச்சங்கம் 1902 இல் தோன்றியது. காடெங்கும் இப்படியான குடில்களை நடத்துகிறது. நீண்ட மரவாங்கில் முன்பின் அறியாதவர்களோடு முட்டி மோதி உட்கார வேண்டும். குழி குழியாக வார்த்த அரை லீற்றர் கண்ணாடிக் குவளையில் வைனும் சோடாவும் கலந்து அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார்கள். பன்றி இரைப்பைக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்துச் சமைப்பது இவ்வூரின் பெருமை. லூட்விக்ஸ்ஹாபன்காரரான ஹெல்முட் கோல், மார்கிரட் தட்சருக்கே அதை விருந்தாகப் படைத்தார். நான் வெங்காய சூப்போடு நிறுத்திக்கொண்டேன்.

கீழே றைன் சமவெளி புகார் படிந்து கிடந்தது. அப்போதுதான் அவன் கேட்டான்.

"மாமா, அண்டைக்கு என்னைச் சைக்கிள் பாரிலை இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தது நீங்களோ, அப்பாவோ?"

1995 ஒக்ரோபர் 30. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த நாள். அவனுக்கு ஆறு வயது. இரண்டு கைகள் தன்னைச் சுற்றியிருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம், முகம் தெரியவில்லையாம். அக்கா இதைப் பற்றி அவனிடம் பேசியதே இல்லை. அவர் சொல்லாததை நான் சொல்லலாமா என்று யோசித்தேன். முப்பத்தாறு வயதானவன் கேட்கிறான்.

சொன்னேன். நாவற்குழிப் பாலம் வரை அத்தான்தான். மழை. சனநெரிசலில் அடி அடியாகத்தான் நகர முடிந்தது. வீட்டில் விட்டுவந்த தன் தாயாரைக் கூட்டிவரப் பாலத்தடியில் அவர் திரும்பினார். சைக்கிளை என் கையில் தந்தார். நித்திரை தூங்கினால் விழுந்துவிடுவான் என்பதற்காக, அவனுடைய விரலைப் பிடித்து மணியில் வைத்து, "அடிச்சுக்கொண்டிரு, நான் வந்திடுவன்" என்றார். அவன் சாவகச்சேரி வரை அடித்துக்கொண்டே வந்தான். அத்தான் வரவில்லை. அவரையும் அவருடைய தாயாரையும் அதன்பின் நாங்கள் காணவில்லை.

"மணி அடிச்சது ஞாபகம் இருக்கு" என்றான். பிறகு எழுந்துபோய் இரண்டு கோப்பிக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

சென்ற் மார்ட்டின் கிராமத்தை நோக்கி இறங்கினோம். காடு முடிந்து தோட்டங்கள் தொடங்கும் வளைவில் மாலை வெயில் இலைகளில் மஞ்சளாகப் படிந்திருந்தது. நிறுத்தச் சொல்லி அவனை வண்டியோடு ஒரு படம் எடுத்தேன். 2008 இல் நாட்டை விட்டுப் போனவனை அக்கா நேரில் கண்டது அதன்பின் ஒரே ஒரு தடவை. முழங்கால் வருத்தத்தோடு விமானம் ஏற அவருக்கு விருப்பமில்லை. படத்தை அங்கிருந்தே அனுப்பினேன். நாங்கள் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது பதில் வந்திருந்தது.

"படத்திலை தொப்பி இல்லாமல் நிக்கிறான். ஓடேக்கையாவது போடுறவனோ?"