வெள்ளிக்கிழமை மூன்று மணி

"பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. இனிமேல் அவன் பாடு, வாத்தியார் பாடு!" என்று பெருமூச்சு விடும் பெற்றோர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் கோபித்துக் கொள்ளாமல் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது?

விழிக்கிறீர்கள் அல்லவா? பரவாயில்லை, என் நண்பர்களில் அநேகம் பேர் இப்படித்தான் விழித்தார்கள். பையன் வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டால் தெரியும். அடுத்த வீட்டுப் பையன் எத்தனையாவது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவன் தினம் ஏழெட்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிற இடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் இரும்புக் கேட்டின் வர்ணம் மட்டுந்தான்!

என் பெண் படிப்பது ஒரு தனியார் பள்ளியில். வருஷத்துக்குச் சில முறை 'ஓப்பன் டே' என்று ஒன்று வைப்பார்கள். பாங்கியில் கொடுப்பது போல டோக்கன் கொடுப்பார்கள். சென்ற முறை என் எண் வந்ததும் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை மிகுந்த மரியாதையுடன், "ரொம்பப் பேசறா, சார்!" என்றார். "எதைப் பற்றிப் பேசுகிறாள்?" என்று ஆவலோடு கேட்டேன். பதில் வருவதற்குள் அடுத்த டோக்கன்காரர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கொண்டு நின்றுவிட்டார். எழுந்து வந்துவிட்டேன். அவள் எதைப் பற்றித்தான் அப்படிப் பேசுகிறாள் என்பது இன்றுவரை மர்மமாகவே இருக்கிறது.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு இவ்வளவுதான் என்று எண்ணிக் கொண்டிருந்த சமயத்தில்தான் மண்ணூர்பேட்டைக்குப் போகும் சந்தர்ப்பம் வாய்த்தது.

பாடியிலிருந்து அம்பத்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருப்பார்களே தவிர, இறங்கியிருக்க மாட்டார்கள். பக்கத்திலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து போகிறவர்களையும், இரவு முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டு திரும்புகிறவர்களையும் அந்தச் சாலையில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கடைசல் பட்டறைக்காரர்கள், துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிற பெண்கள், ஒரிஸா, பீகார் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று பல தரப்பட்ட ஜனங்கள். இவர்களுடைய குழந்தைகள் படிக்கும் ஒரு சர்க்கார் பள்ளியின் பெற்றோர்களைத்தான் சந்தித்தேன்.

அங்கே ஓர் அம்மாளைப் பார்த்தேன். தையல் கம்பெனியில் வேலை, இரண்டு குழந்தைகள். அவர் சாவதானமாக, "நான் ஸ்கூல் கமிட்டி மெம்பர் சார்!" என்றார். எனக்குச் சிறிது பொறாமையாகக்கூட இருந்தது. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதன் 21-வது பிரிவின்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் அங்கத்தினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும், பள்ளிக்கு இன்ன இன்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவதும் இவர்கள் பொறுப்பு. நமது மாநிலத்தில் 2022-ல் இந்தக் குழுக்களைத் தூசி தட்டி, பள்ளிக்கு இருபது பேர் என்று திருத்தி அமைத்தார்கள். 2024-ல் மறுபடியும் அமைத்தபோது இருபத்து நாலு பேர் ஆயிற்று. பள்ளியில் முன்பு படித்தவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே, கை நிறையப் பணம் கட்டுகிற எனக்கு டோக்கன்; ஒரு காசும் கட்டாத தையல்கார அம்மாளுக்கு நாற்காலி! பொறாமைப்படாமல் என்ன செய்வது?

ஆனால் அந்த நாற்காலியில் அவர் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்தபோது என் பொறாமை பறந்தே போய்விட்டது.

"கூட்டம் எப்பம்மா நடக்கும்?"

"மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை சார். மூணு மணிக்கு."

"போவீங்களா?"

"எப்டி சார் போறது? கம்பெனியில பர்மிஷன் கேட்டா அரை நாள் சம்பளம் போயிடும். ரெண்டு தபா போனேன். அப்புறம் சூபர்வைசர் 'நீ ஸ்கூலுக்கே வேலைக்குப் போயிடேம்மா'ன்னாரு."

"அப்போ கையெழுத்து?"

அம்மாள் சிரித்தார். நோட்டுப் புத்தகம் சில சமயம் வீடு தேடி வந்துவிடுமாம். பல ஊர்களில் இதுதான் கதை என்று நினைக்கிறேன். தலைமை ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தீர்மானத்தை எழுதிச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டிய கடமை அவர் தலையில் இருக்கிறது. வராதவர்களை வைத்துக் கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி யாருக்குச் சௌகரியம்? ஆசிரியர்களுக்குச் சௌகரியம், அதிகாரிகளுக்குச் சௌகரியம். சம்பளம் பிடிக்காத உத்தியோகத்தில் இருக்கும் தகப்பனாருக்குச் சௌகரியம். ஆனால் அவர் பிள்ளை அந்தப் பள்ளியில் படிப்பதில்லை! சட்டம் கதவை அகலத் திறந்துவிட்டது, கடிகாரம் சாத்திவிட்டது.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்ச தூரம் ரயிலில் அழைத்துக் கொண்டு போக வேண்டும். கொரட்டூரிலோ பட்டரவாக்கத்திலோ அரக்கோணம் வண்டி ஏறினால், ஆவடி, திருவள்ளூர் எல்லாம் தாண்டிக் கடம்பத்தூர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற புதுமை முதன்முதலில் நடந்தது அங்கேதான். காமராஜர் முதலமைச்சர். நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் திறந்தாகிவிட்டது. ஆனால் கூரை ஒழுகுகிறது, பெஞ்சி இல்லை, கரும்பலகை இல்லை, மணி அடிக்க மணிகூட இல்லை. சர்க்கார் கஜானாவிலோ பணம் போதாது. என்ன செய்வது?

அவர்கள் செய்த முதல் காரியம் பட்டியல் எழுதியது. வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று எழுதினார்கள். பிறகு அந்தப் பட்டியலோடு ஊராரிடம் போனார்கள். வசதி உள்ளவர் நிலம் கொடுத்தார். அடுத்தவர் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். அதுவும் முடியாதவர் ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு கடிகாரம், நாலு சிலேட்டு என்று கொடுத்தார். ஏழைக் குழந்தைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அதற்குமுன் 1956-லேயே பகல் உணவுத் திட்டம் இப்படித்தான் ஊரார் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் தொடங்கியது. பிற்பாடு சர்க்கார் மானியம் வந்தபோதும் செலவில் பத்துக்கு ஆறு பங்கு சர்க்காரும் நாலு பங்கு ஊராரும் ஏற்றார்கள். கடம்பத்தூரைப் பார்த்து மாகாணம் முழுவதும் மாநாடுகள் நடந்தன. பலவற்றுக்குக் காமராஜரே நேரில் போனார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் அனைவரும் கொடையைப் பற்றித்தான் உருகுவோம். எனக்கு என்னவோ பட்டியல்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் என்ன இல்லை என்பதை ஊரார் கூடி உட்கார்ந்து தெரிந்து கொண்டார்களே, அதுவல்லவா அதிசயம்? பானை வாங்கிக் கொடுத்தவன் அடுத்த மாதம், "பானையில் தண்ணீர் இருக்கிறதா?" என்று எட்டிப் பார்க்காமல் இருப்பானா?

கடல் கடந்த தேசங்களிலும் இது இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. 1897-ல் அமெரிக்காவில் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற இரண்டு பெண்மணிகள் வாஷிங்டன் நகரில் தாய்மார்கள் மாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். சில நூறு பேர் வந்தால் அதிகம் என்ற இடத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் திரண்டுவிட்டார்கள். அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு வித்து அதுதான். நம் ஊரிலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் அறுபதுகளிலிருந்து இருந்து வருகிறது. அது வெளியிடும் வினா வங்கிப் புத்தகத்துக்குப் பொதுப் பரீட்சை சமயத்தில் ஏக கிராக்கி! கழகம் என்றாலே அந்தப் புத்தகம் என்று நினைத்துக் கொண்டிருக்கிற தகப்பனார்கள் இருக்கிறார்கள்.

குழுவின் தலையில் சில சமயம் சுமக்க முடியாத பாரத்தையும் ஏற்றிவிடுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2022-ல் மாநிலத்தில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். பெற்றோர் பள்ளியைக் கவனிக்க வேண்டியதுதான்; வாத்தியாரைத் தேடிப் பிடிப்பது சர்க்காரின் வேலை என்பது என் கட்சி.

மண்ணூர்பேட்டைக்குத் திரும்புவோம். அங்கே சில பெற்றோர்கள் ஒரு யுக்தி கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டத்தை மாற்ற முடியாது. கம்பெனியையும் மாற்ற முடியாது. ஆனால் ஷிப்ட் முறையில் ஒரு நன்மை உண்டல்லவா? எந்த வாரத்திலும் யாராவது ஒருவர் இரவு வேலையில் இருப்பார். அவர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில்தான் தூங்கிக் கொண்டிருப்பார். அவரை எழுப்பி அனுப்பினால் போயிற்று!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். வாட்ஸப்பிலும் ஒரு குழு உண்டு. அதில் 'காலை வணக்கம்' பூங்கொத்துக்களே அதிகம் வருவதால் வாசல் திண்ணைதான் உபயோகம் என்றார் ஒருவர். அவரவர் குழந்தை சொன்னதைச் சொல்ல, படித்த பெண் ஒருத்தி நோட்டில் எழுதுகிறாள். நான் போன அன்று எழுதியதை எட்டிப் பார்த்தேன். பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் ஒரு மாதமாக வரவில்லை. அவன் தகப்பனாரின் மெக்கானிக் கடைக்குப் போகிறான் என்று கேள்வி. மழை பெய்தால் கேட்டருகே தண்ணீர் நிற்கிறது. காலைச் சிற்றுண்டி உப்புமா நன்றாயிருக்கிறது. அதையும் எழுது என்றார் ஒரு பாட்டி. "குறையை மட்டும் சொன்னா டீச்சருக்கு மனசு கஷ்டப்படும்" என்பது பாட்டியின் ராஜதந்திரம்.

ஒரு பீகார்க்காரரும் வந்திருந்தார். தமிழ் தெரியாது. அவருடைய நாலாம் வகுப்புப் பெண்தான் துபாஷி. பள்ளியில் டீச்சர் கூப்பிட்டு, "உங்க பொண்ணு வீட்டுப்பாடம் எழுதறதே இல்லை" என்று சொன்னபோதும் அந்தப் பெண்ணே மொழிபெயர்க்க வேண்டியிருந்ததாம். என்னவென்று மொழிபெயர்த்தாளோ, தகப்பனார் மகிழ்ச்சியோடு டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! இந்த விஷயம் வெளியானதும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பாவாடையைக் கடித்துக் கொண்டு பாட்டியின் பின்னால் ஒளிந்து கொண்டது. பிறகு இந்தி தெரிந்த ஒரு அம்மாள், அடுத்த முறை தானே கூட வருவதாகச் சொன்னார்.

இந்த மாதிரிக் காரியத்துக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை. பள்ளியின் தலைமை ஆசிரியை முதலில் நோட்டைக் கண்டு கொஞ்சம் முகம் சுளித்தாராம். "எல்லாத்தையும் நானா செய்ய முடியும்?" என்று கேட்டாராம். அவர் கேட்டதும் நியாயந்தான். ஆனால் மூன்றாவது மாதம், "ஐந்தாம் வகுப்புப் பையன் வீட்டுக்கு நான் போனால் பயப்படுவாங்க, நீங்க யாராவது போய்ச் சொல்லுங்க" என்று அவரே கேட்டுக் கொண்டிருக்கிறார். தையல்கார அம்மாளும் பாட்டியுமாகப் போனார்கள். பையனின் தகப்பனாருக்கும் பாட்டிக்கும் வெகு நேரம் வாக்குவாதம் நடந்ததாம். அதன் விவரங்களைப் பாட்டி எனக்கு நடித்தே காண்பித்தாள். பத்திரிகையில் அச்சிட இயலாது. பையன் இப்போது பள்ளிக்கு வருகிறான். சனிக்கிழமைகளில் மட்டும் ஸ்பானர் பிடிக்கிறானாம்.

கேட்டருகே தண்ணீர் இன்னும் நிற்கிறது. அது மாநகராட்சிக் காரியம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டபடியால் மனு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதிலேயே அரை நோட்டு தீர்ந்துவிடும் போலிருக்கிறது. குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே வார்டு கவுன்சிலரை அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியும் வரவழைத்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் முடிவாயிற்று. அந்த வாரம் இரவு ஷிப்ட் யாருக்கு என்று கேட்டார்கள். கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். நோட்டை அவரிடம் கொடுத்து, "தூங்கிப் போயிடாதேப்பா! தாழ்ப்பாளை முதல்ல கேளு" என்றாள் பாட்டி.