விலைக்கு வாங்கும் மழைக்குறி

மழை வரும் நாளையும் பிள்ளை பிறக்கும் வேளையையும் மகாதேவனும் அறியான் என்று நம் நாட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. அவர்கள் காலத்திற்கு அது பொருந்தும். இக்காலத்திலோ, மகாதேவனும் அறியாத அச்செய்தியைச் சர்க்கார் இலவசமாகவும், வர்த்தகக் கம்பெனியார் விலைக்கும் தருகின்றனர். இவ்விரு திறத்தாருள் யாரை நம்புவது என்னும் கேள்வி நமது குடும்பத்தில் எழுந்து, ஒருவாறு தீர்ந்த வரலாற்றைக் கலாசாலை நண்பர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

நமது ஊர் பள்ளிபாளையம். காவிரியின் கீழ்க்கரையில் நாமும் மேற்கரையில் ஈரோடுமாக எதிரெதிரே வாழ்கிறோம். தறியோசை கேளாத தெரு எம்மூரில் அரிது. நமது தாய்மாமனுக்கு, சாயமேற்றிய நூற்சிட்டங்களை மூங்கிற் கழிகளில் தொங்கவிட்டு உலர்த்தும் களம் ஒன்று உண்டு. உழவனுக்கு மழை வேண்டும். மாமனுக்கோ வெயில் வேண்டும். ஈரச்சிட்டத்தின்மேல் மழை விழுந்தால் சாயம் கசிந்து திட்டுத் திட்டாய் நிற்கும். அந்நூலை மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்பவேண்டும். தறிகாரர் நூலின்றிக் காத்திருப்பர். கூலியோ அன்றே கொடுத்தாக வேண்டும்.

ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகலில் அத்தகைய இடர் நேர்ந்தது. கைப்பேசியோடு கூடவே வந்த ஒரு வானிலைச் செயலி மாலைவரை சூரியன் படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு இடியுடன் மழை கொட்டிற்று. ஈரோட்டுச் சந்தையிலிருந்து வந்தவர்கள் அங்கே ஒரு துளியும் இல்லை என்றார்கள். எமது களத்திலோ கணுக்கால் நீர். மறுவாரம் வேறொரு கம்பெனியின் முகவர் வந்து, ஆண்டுச் சந்தா செலுத்தினால் மணிக்கு மணி எமது ஊருக்கென்றே மழைக்குறி அனுப்புவோம் என்றார். மாமன் நம்மை அழைத்து, "மாப்பிள்ளை, நீங்கள் கலாசாலையில் படித்தவர்கள். காசு கொடுத்தால் மெய்யாகவே சரியாகச் சொல்வார்களா? கட்டிவிடட்டுமா?" என்றார். "ஒரு பருவம் பொறுங்கள் மாமா, பார்த்துச் சொல்கிறோம்" என்றோம். அப்போது நமக்கும் விடை தெரியாது.

நிற்க. இந்நாட்டில் மழையைக் கணக்கிடும் தொழில் பெருந்துன்பத்தினின்று பிறந்தது. 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிற்று. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. அதன் பின்னரே 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்று, பிளான்போர்டு என்னும் அறிஞர் அதன் தலைமையை ஏற்றார். நாடெங்கும் மழைமானிகள் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு முந்திய 24 மணி நேரத்து மழையை அளந்து எழுதி வருகின்றனர். தனியார் கம்பெனிகள் பின்னர் வந்தவை. அமெரிக்காவில் அக்யூவெதர் 1962-இலும், நம் நாட்டில் ஸ்கைமெட் 2003-இலும் தோன்றின. ஸ்கைமெட் தானே தானியங்கி நிலையங்கள் நாட்டி, பயிர்க் காப்பீட்டுக்கு உதவியது மெச்சத்தக்கது.

நாம் செய்த பரீட்சை எளியது. களத்தின் திறந்தவெளியில் நேர்ச்சுவருள்ள மழைமானி ஒன்றை வைத்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிட்டோம். முதற்பத்தியில் சர்க்கார் அறிக்கை. இரண்டாவதில், முகவர் மாதிரிக்காகத் தந்த கம்பெனிக் குறி. மூன்றாவதில் எமது மானியிற் கண்ட நீர். வடகிழக்குப் பருவம் முழுதும் இவ்வாறு எழுதினோம்.

முதலில் வெளிப்பட்டது நமது அறியாமையே. சர்க்கார் அறிக்கையில் "ஓரிரு இடங்களில் மழை" என்றிருந்து எமது களம் உலர்ந்திருந்த நாள்களிலெல்லாம், அறிக்கை பொய்த்தது என்று மாமன் முணுமுணுத்தார். அச்சொற்றொடருக்கு வரையறுத்த பொருளுண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வட்டாரத்து மழை நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறக்கூடும் என்பதே "ஓரிரு இடங்கள்". 26 முதல் 50 வரையெனில் "சில இடங்கள்". ஆகவே முக்கால் பங்கு நிலையங்கள் உலர்ந்திருந்தாலும் அவ்வறிக்கை மெய்யே. பிழை படித்த எம்மிடத்தது.

இரண்டாவதாக, கம்பெனிக் குறியில் "பள்ளிபாளையம், மாலை 4 மணி" என்று எழுதியிருந்ததனால், பள்ளிபாளையத்தில் யாரோ நின்று வானத்தைப் பார்க்கின்றனர் என மயங்கினோம். முகவரை, "தம்பி, எமது ஊருக்கு மிக அருகே உங்கள் மழைமானி எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். அவர் நேர்மையுள்ள இளைஞர். "மானி இல்லை சார், கணக்கிட்டுச் சொல்கிறோம்" என்றார். அக்கணக்கு எத்தகையது? உலகைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்றும் ஈரமும் எவ்வாறு மாறும் எனக் கணிப்பொறி கணிக்கிறது. ஐரோப்பிய நிலையத்தாரின் உலகக் கணக்கில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். நமது சர்க்கார் 2025-இல் தொடங்கிய பாரத் முறையில் 6 கிலோமீட்டர். ஐப்பசி மாதத்து இடிமேகமோ ஒரு கட்டத்திற்குள்ளேயே பிறந்து மடியக்கூடியது. ஆற்றின் ஒரு கரையை நனைத்து மறுகரையை விட்டுவிடும். ராடாருக்கும் ஓர் எல்லையுண்டு. காரைக்கால் ராடார் எமக்கு 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. பூமியின் வளைவினால் அதன் கதிர் இங்கு வந்து சேர்கையில் பல கிலோமீட்டர் உயரத்திற் செல்லும். தாழ்ந்த மேகம் அதன் கண்ணுக்குத் தப்பும்.

மூன்றாவதாக, அன்று மழையுண்டா என்பதில் இரு பத்திகளும் பெரும்பாலும் ஒத்தே இருந்தன. அதில் வியப்பில்லை. இருசாராரும் பொதுப்பணத்தால் பறக்கும் செயற்கைக்கோள்களையும், பொதுப்பணத்தால் நடக்கும் நிலையங்களையுமே பெரிதும் சார்ந்துள்ளனர். எந்த மணியில் என்பதிலோ கம்பெனியார் சில நாள் வென்றனர். பல நாள் எம்மைப்போலவே ஏமாந்தனர்.

இதனால் விலைச்சரக்கு வீண் என்று கூறோம். காற்றாலை உடையோர் தம் மின்உற்பத்தியை 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக முன்கூட்டி அறிவிக்க வேண்டியுள்ளது. அவர்களுக்கென்றே கணக்கிட்டுத் தரும் ஒருவர்க்கு ஊதியம் அளித்தல் முறையே. ஒரு களத்து நூலுக்கு அது தகுமா என்பதே எமது வினா.

இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் நினைவுக்கு வரும். எமது ஊரில் அந்நாளில் பெருமழை இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கபினியையும் கிருஷ்ணராஜசாகரத்தையும் நிரப்பி மேட்டூருக்கு வந்தது. 120 அடி நிரம்பிய அவ்வணையிலிருந்து வினாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி நீர் வெளியேறிற்று. கரையோரத்துத் தாழ்ந்த வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 2018-லும் அவ்வாறே நேர்ந்தது. எமது தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் காட்டும் குறி, எத்துணைத் துல்லியமாயினும், அன்று பயன்பட்டிராது. ஆற்றின் அளவைப் பார்த்தெழுதிய மத்திய நீர் ஆணையமும், அணையின் நீர்க்கணக்கும், தெருவில் ஒலிபெருக்கியோடு சென்ற ஊழியருமே வேண்டியிருந்தனர். அவ்வொலி சந்தா கட்டியவர் வீட்டிற்கும் கட்டாதவர் குடிசைக்கும் ஒன்றாகவே கேட்டது. அபாய அறிவிப்பு விலைச்சரக்காயின், ஆற்றுக்கு மிக அருகே வாழும் ஏழையே அதை வாங்க இயலாதவனாவான். 2005-இல் அமெரிக்க மேற்சபையில், தனியார் விற்கக்கூடியதைச் சர்க்கார் வானிலைத் துறை தராதிருக்க வேண்டும் என ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறாமற் போனது நன்றே.

பருவம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை மாமன் முன் வைத்தோம். அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, மழை வரும் என்று இருவரும் சொல்கிறார்கள், என் களத்துக்கு எத்தனை மணிக்கு என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. அப்படித்தானே?" என்றார். அதுவே நாம் கண்ட முடிபும். சந்தாவுக்கென ஒதுக்கிய பணத்தில் களத்தின் ஒரு பாதிக்குத் தகரக் கூரை போட்டார். மறுபாதிக்குத் தார்ப்பாய் வாங்கினார். காலையில் சர்க்கார் அறிக்கையைப் பார்த்து எத்தனை சிட்டம் நனைப்பது எனத் தீர்மானிக்கிறார். பிற்பகலில் கீழ்வானத்தை நோக்க ஓர் ஆளை நிறுத்துகிறார்.

நம்மிற் பலர் நாளை உத்தியோகங்களில் அமர்ந்து, இத்தகைய சரக்குகளை வாங்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது விற்பவரை மூன்று கேள்விகள் கேட்பது நலம். உம்முடைய மானி எங்கே? சென்ற ஆண்டு நீர் சொன்னதென்ன, நடந்ததென்ன? பிழைத்தால் யார் பொறுப்பு? சர்க்காரையும் அவையே கேட்கலாம். கேட்பதற்கு முன், தம் முற்றத்தில் ஒரு மழைமானி வைத்துக்கொள்வது நன்று. எமது மானி இன்றும் களத்தில் நிற்கிறது; காலை 8.30 மணிக்கு மாமனே அதைப் பார்த்து எழுதுகிறார்.