கேஸ் யாரு பொறுப்பு?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்"னு சொன்னவர் கண்டிப்பா பொண்ணு வீட்டுக்காரராத்தான் இருந்திருக்கணும். வீடு கட்டும்போது கொத்தனார் வரலைன்னா நாளைக்கு வருவார். கல்யாணத்துக்கு சமையல் மாஸ்டர் வரலைன்னா நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது.

2024 ஆவணியில் என் தங்கச்சிக்குக் கள்ளக்குறிச்சியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆத்தூர் பக்கம். மண்டபச் செலவு எங்களுடையது. அப்பா ரிட்டயர்டு வாத்தியார், அம்மாவுக்கு முட்டிவலி. அதனால ஆள் பிடிக்கிறது, அட்வான்ஸ் குடுக்கிறது, போன் பண்ணிக்கிட்டே இருக்கிறது எல்லாம் என் தலையில.

மண்டபத்தைப் பத்தி ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்லை. ஆடியில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. அந்த ஒரு மாசத்துக் கூட்டமும் சேர்ந்து ஆவணி முகூர்த்தத்துல வந்து விழும். தை மாசமே போய் நின்னோம், கிடைச்சதை எடுத்துக்கிட்டோம். வாடகையைச் சொல்லிட்டு "பில் போட்டா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. தனி சார்"னு மேனேஜர் ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, அந்த சிரிப்புக்கு மட்டும் தனியா வரி போடலாம் :-)

கிளம்பும்போது சும்மா கேட்டு வச்சேன். "கேஸ் யாரு சார்?" "அது சமையல்காரங்க பாத்துப்பாங்க." அடுத்த வாரம் ஒரு சமையல்காரரைப் பார்த்தப்போ அவர்கிட்டயும் கேட்டேன். "மண்டபத்துலயே இருக்கும் தம்பி." ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச வழக்கத்தைச் சொன்னாங்க. ஆனா அப்படியே விட்டிருந்தா முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலை 3 மணிக்கு இட்லி அண்டாவை வச்சுக்கிட்டு பத்து பேர் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பாங்க. வீட்டு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போய் வைக்கவும் முடியாது. கல்யாண சமையலுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான், அது முன்னாடியே சொல்லி வச்சாத்தான் கிடைக்கும்.

அன்னிக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கல்யாண நோட்டுன்னா எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி பேரு, நம்பர், அட்வான்ஸ், பாக்கின்னு எழுதுவாங்க. நான் ரெண்டு ரெண்டு பேரா எழுதினேன். மண்டபத்துக்கும் மாஸ்டருக்கும் நடுவுல என்ன? கேஸ், தண்ணி, ஸ்டோர் ரூம் சாவி. மாஸ்டருக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவுல? ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கழுவிக் குடுக்கிறது. பரிமாறுறவங்களுக்கும் இலை எடுக்கிறவங்களுக்கும் நடுவுல? எச்சில் இலையை எங்கே கொட்டுறது, அதை யாரு அள்ளிட்டுப் போறது. மேடை அலங்காரத்துக்கும் கரண்ட்டுக்கும் நடுவுல? ஜெனரேட்டர் டீசல். ஒவ்வொருத்தரும் அவங்க வேலையை நல்லாத்தான் செய்வாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல கிடக்கிற வேலைதான் யாருக்கும் சொந்தமில்லாம அனாதையா நிக்கும். கல்யாணத்துல சண்டை வர்றதும் பெரும்பாலும் அங்கேதான்.

சமையலுக்கு எங்க பக்கம் ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு இலைக் கணக்கு. இலைக்கு இவ்வளவுன்னு பேசிட்டா மளிகை, காய்கறி, ஆள் எல்லாம் அவங்களோடது. இன்னொண்ணு லேபர் கான்ட்ராக்ட். மாஸ்டர் சாமான் லிஸ்ட் எழுதிக் குடுப்பார், நாம வாங்கிப் போடணும், அவருக்குக் கூலி மட்டும். இலைக் கணக்குல தலைவலி கம்மி, ஆனா எந்தப் பருப்பு, எந்த எண்ணெய்ன்னு நமக்குத் தெரியாது. லேபர்ல எல்லாம் தெரியும், ஆனா ஸ்டோர் ரூம் சாவி கெட்டியான ஒரு ஆள் இடுப்புல இருந்தாகணும். (எங்க வீட்டுல சித்தப்பா. மனுஷன் ரெண்டு நாள் தூங்கலை, கறிவேப்பிலைக்குக் கூட கணக்கு கேட்டார்.)

யாரைப் பிடிக்கிறதுன்னு கேட்டா எல்லாரும் "அவர் கல்யாணத்துல சாப்பிட்டேன், நல்லாருந்துச்சு"ம்பாங்க. அது பாதி விஷயம்தான். நான் பாத்திர வாடகைக் கடையில போய்க் கேட்டேன். எந்த மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்து பாத்திரம் எடுக்கிறார், யார் அடிப்பிடிச்ச அண்டாவை அப்படியே திருப்பி அனுப்புறார், யார் 500 பேருக்கு பாத்திரம் எடுத்துட்டு 800 பேருக்கு சமைக்கிறேன்னு சொல்றார்ங்கிறதெல்லாம் அந்தக் கடைக்காரருக்கு அத்துப்படி. அதே மாதிரி இலை எடுக்கிற அம்மாக்கள்கிட்ட கேட்டா எந்த கான்ட்ராக்டர் கூலியை அன்னிக்கே குடுக்கிறார்னு தெரிஞ்சிடும். கூலி நிலுவை வைக்கிற ஆள்கிட்ட வேலை செய்ய கடைசி நேரத்துல ஆள் வராது. ஒருத்தரைப் பத்தித் தெரியணும்னா அவருக்கு அப்புறம் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குறவங்களைக் கேட்கணும்.

அப்படியும் இலைக் கணக்கு ஆள் ஒருத்தரை ஏறக்குறைய முடிவு பண்ணிட்டோம். ஊர்ல நல்ல பேரு. முகூர்த்த சாப்பாடு இலைக்கு 150 ரூபாய். லேபர் கான்ட்ராக்ட்ல போட்டுப் பார்த்தா 170 கிட்ட வருது. 900 இலைக்கு 18,000 வித்தியாசம். எங்க வீட்டுக்கு அது பெரிய காசுதான். அட்வான்ஸ் குடுக்க வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தோம். அப்போதான் மலைப் பேச்சு வந்துச்சு.

அப்பா 1984லேர்ந்து பதினோரு வருஷம் கல்வராயன்மலையில ஒரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில வேலை பார்த்தவர். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்துட்டு அப்புறமா அரசாங்கத்துக்கு வந்த மலை அது. அப்பா போன காலத்துல பள்ளிக்கூடத்துக்கு ரோடு கிடையாது. ஒரு தடவை குளிர் ஜுரத்துல சுருண்டு கிடந்தவரை டோலி கட்டி நாலு பேர் மாத்தி மாத்தித் தூக்கிட்டு கீழே வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. அதுல ஒருத்தர் இன்னும் இருக்கார். அவரும், அப்பாகிட்ட படிச்ச பசங்களும் அவங்க குடும்பங்களுமா அம்பது பேரைக் கூப்பிடணும்ங்கிறது தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா முடிவு பண்ண விஷயம். காலையில மலை இறங்கினா முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியாது. அதனால முந்தின நாள் சாயங்காலமே வந்து, ராத்திரி சாப்பிட்டு, மண்டபத்துல தங்குறதா ஏற்பாடு.

இதைச் சொன்னதும் கான்ட்ராக்டர் ரொம்ப சாதாரணமா சொன்னார். "மலையிலேர்ந்து வர்றவங்கதானே சார், அவங்களுக்கு ராத்திரிக்கு தக்காளி சாதம் பொட்டலமா கட்டிடலாம். ரிசப்ஷன் பந்தியில எதுக்கு உக்கார வச்சுக்கிட்டு... உங்களுக்கும் அம்பது இலை மிச்சம்."

கெட்ட எண்ணத்துல சொல்லலை, அதுதான் இதுல மோசம். நமக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் சொன்னார். அப்பா கையில வச்சிருந்த கவரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "சரிங்க, யோசிச்சு சொல்றோம்"னார். அவர் போனதும் அம்மாதான், "அந்த 18,000த்துக்கு என் வளையலை வச்சுக்கலாம், இந்தாள் வேணாம்"னுச்சு. வளையலை வைக்க வேண்டிய நிலைமை வரலை, வேற விதமா சமாளிச்சோம். ஆனா அன்னிக்கு அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு என் நோட்டுல முதல் கேள்வியே மாறிடுச்சு. லேபர் கான்ட்ராக்ட் மாஸ்டர் சின்னசேலம் பக்கத்துக்காரர். அவர்கிட்ட ரேட் பேசறதுக்கு முன்னாடியே, "முதல் பந்தியில மலைக்காரங்க அம்பது பேர் உக்காருவாங்க, உங்களுக்கு ஏதும் இருக்கா?"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "பந்தியில உக்காந்தவங்களுக்கு சோறு போடறதுதானே தம்பி வேலை, எந்த ஊருன்னு இலையில எழுதியிருக்கா?"ன்னார். முடிஞ்சுது.

மலைக்குப் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா பைக்ல வெள்ளிமலை வரைக்கும் போய், அங்கேர்ந்து உள்ளே போனோம். பல ஊர்ல போன் சிக்னல் கிடையாது. ரேஷன் கடையில சொல்லி வச்சா ஊர் முழுக்கப் போயிடும், அதான் அங்கே வாட்ஸப். கார்டு மட்டும் நீட்டினா பத்தாது, வெத்தலை பாக்கோட உக்காந்து சொல்லணும். அங்கே ஒரு பெரியவர் கேட்டார், "பொண்ணு வீட்டுல நீங்க ஏன் சாரு செலவு பண்றீங்க?" அவங்க வழக்கத்துல பரிசம் குடுக்கிறது மாப்பிள்ளை வீடு, கல்யாணம் நடக்கிறதும் மாப்பிள்ளை வீட்டுல. பந்தல் போடறது, சமைக்கிறது எல்லாம் ஊர்க்காரங்களே. கான்ட்ராக்டும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. அப்பா பதில் சொல்லாம சிரிச்சார். எனக்கும் பதில் தெரியலை.

வேன்காரர் விஷயத்துல மட்டும் நான் பிடிவாதமா இருந்தேன். டவுன்ல ரேட் கம்மியா ரெண்டு பேர் கிடைச்சாங்க. வேணாம்னுட்டு மலையிலேயே ஓட்டுற டிரைவர் ரெண்டு பேரைப் பிடிச்சேன். ஆவணியில மழையும் மூடுபனியும் எப்போ வரும்னு சொல்ல முடியாது, அந்த வளைவுகள் பழகின கை வேணும். அதுவுமில்லாம அந்த வருஷம் ஜூன்லதான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 65 பேருக்கு மேல செத்துப் போயிருந்தாங்க. அதுக்கப்புறம் மலையிலேர்ந்து இறங்குற வண்டின்னாலே நிறுத்தி சோதனை. ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன்மலை மக்களுக்கு ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் எந்த லட்சணத்துல இருக்குன்னு வழக்கு எடுத்து விசாரிக்க ஆரம்பிச்சுது. இத்தனை வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காத மலையை எல்லாரும் ஒரே நேரத்துல பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதனால ரெண்டு வேன் முன் கண்ணாடியிலயும் கல்யாணப் பத்திரிகையைப் பெரிசா ஒட்டச் சொன்னேன். சென்னை போட்டோகிராபர் ஒருத்தர்கிட்ட விசாரிச்சப்போ, "கள்ளக்குறிச்சியா... அந்த சாராயம்..."னு இழுத்தார். உள்ளூர் ஆளையே போட்டுட்டோம். ட்ரோன் எல்லாம் இல்லை. மூஞ்சி தெளிவா தெரியுது, போதும்.

மத்ததெல்லாம் வேகமா முடிஞ்சுது. பூக்காரர்கிட்ட மாலைக்கு மட்டும் விலை பேசி முடிச்சேன், உதிரி மல்லி முகூர்த்த நாள் மார்க்கெட் விலைதான்னார், சரின்னுட்டேன். வாழை இலைக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும். ஆடிக்காத்துல இலையெல்லாம் கிழிஞ்சு போய் ஆவணி முதல்ல நல்ல நுனி இலைக்குத் திண்டாட்டம். டேபிள்ல விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டு, பூச்சு போட்ட பேப்பர் கப்பு எல்லாம் 2019 ஜனவரியிலேர்ந்து தமிழ்நாட்டுல தடை. பேப்பர் ரோலும் எவர்சில்வர் டம்ளரும்தான், அதுக்கு டம்ளர் கழுவ ரெண்டு ஆள் கூடுதல். (நோட்டுல இதுவும் "நடுவுல" கேஸ். மாஸ்டர் ஆளா, பாத்திரக்கடை ஆளா? கடைசியில நம்ம ஆள்.) சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட ராத்திரி 10 மணிக்கு மேல வெளியே பாட்டு கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். 2000லேயே வந்த விதி, காலையில 6 மணி வரைக்கும். அதுக்கு முன்னாடி மேளக்காரர் மைக் இல்லாமலே வாசிச்சார். சத்தியமா அதுதான் நல்லாவும் இருந்துச்சு.

முந்தின நாள் சாயங்காலம் ஆறரைக்கு வேன் ரெண்டும் வந்து நின்னுச்சு. ஒரே ஒரு இடத்துல நிறுத்திப் பார்த்துட்டு, பத்திரிகையைப் படிச்சுட்டு விட்டுட்டாங்களாம். ஆளாளுக்கு ஒரு பை. சாமை, புளி, தேன் பாட்டில், ஒருத்தர் தலையில பலாப்பழம். மொய் எழுதுற டேபிள்ல இருந்த மாமா இதையெல்லாம் எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு தெரியாம முழிச்சார். "அப்படியே எழுது, சாமை இவ்வளவு படின்னு"ன்னு அப்பா அதட்டினார். ஏழேகாலுக்கு முதல் பந்தி. டோலி தூக்கின பெரியவர் பக்கத்துல அப்பா. எதிர்ல சம்பந்தி வீட்டுக்காரங்க. மாஸ்டர் தானே சாம்பார் வாளியைத் தூக்கிட்டு வந்து அந்த வரிசைக்கு மட்டும் ஊத்திட்டுப் போனார்.

சண்டையே வரலைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டு ரூம்ல வெந்நீர் வரலைன்னு ஒண்ணு, வீடியோ லைட்டு கண்ணு கூசுதுன்னு ஐயர் கத்தினது ஒண்ணு. ரெண்டும் நோட்டுல இல்லாதது.

மறுநாள் மதியம் மூணு மணிக்கு எல்லாருக்கும் பாக்கி செட்டில் பண்ணேன். இலை எடுத்த அம்மாக்களுக்கு முதல்ல, அப்புறம் பரிமாறினவங்க, அப்புறம் மாஸ்டர். பாத்திரக்கடைக்காரர் அண்டா, குண்டான், கரண்டின்னு ஒவ்வொண்ணா எண்ணி ஏத்தினார். ரெண்டு ஜல்லிக்கரண்டி குறையுது. மாஸ்டர் எங்களைப் பார்த்தார், நாங்க சித்தப்பாவைப் பார்த்தோம், சித்தப்பா ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். தேடித் தேடிப் பார்த்துட்டு காசைக் குடுத்துட்டோம். ஒரு வாரம் கழிச்சு மலையிலேர்ந்து அப்பாவோட பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் பேசினார். பலாப்பழம் கொண்டு வந்த சாக்கை உதறினா உள்ளே ரெண்டு கரண்டி இருக்காம், அடுத்த வேன்ல குடுத்து அனுப்பட்டுமான்னு கேட்டார்.